குடைப்பழம்

குழாய்க்காரருக்குச் சிவப்பு தெரியாது. மற்றவர்கள் சிவப்பு என்று சொல்வது அவர் கண்ணுக்கு ஒரு இருட்டு, அவ்வளவுதான். கிளையில் பழுத்துக் கறுத்த பழமும் பழுக்காமல் சிவந்திருப்பதும் அவருக்கு ஒன்றே. இது தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர், ரயில்வேயில் சிக்னல் வேலைக்கு ஆள் எடுத்தபோது புள்ளி புள்ளியாக அச்சடித்த புத்தகத்தை நீட்டி "இதுல என்ன நம்பர்?" என்று கேட்ட டாக்டர். "நம்பர் எங்க சார் இருக்கு?" என்று இவர் திருப்பிக் கேட்டார். அந்த டாக்டர் இப்போது உயிரோடு இருக்கிறாரோ என்னவோ. இன்னொருவர் மனைவி.

சிக்னல் போனதும் குழாய் வேலைக்கு வந்தார். குழாயில் நிறம் பார்த்துச் செய்ய ஒன்றும் இல்லை. கழுவு தொட்டிக்குப் பின்னால், சுவர் இடுக்கில், கண் போகாத இடத்துக்கெல்லாம் அவர் கை போகும். மரை தேய்ந்திருப்பதையும் வாஷர் நைந்திருப்பதையும் விரல் சொல்லிவிடும். தரையில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டுதான் வேலை செய்வார். "கண்ணை மூடிக்கிட்டே முடிச்சிடுவாரு" என்று வீட்டுக்காரர்கள் பாராட்டுவார்கள். திறந்து வைத்து என்ன ஆகப்போகிறது என்று அவர் நினைத்துக்கொள்வார்.

மனைவி கடைத்தெருவில் நூலும் பொத்தானும் விற்கும் கடையில் வேலை பார்க்கிறாள். தையல்காரர்களுக்கு அவள் நூலக்கா. துணியில் ஒரு துண்டை வெட்டிக் கொடுத்தனுப்புவார்கள். துண்டை ஒரு தடவை பார்ப்பாள். கை தானாக அலமாரிக்குப் போகும். எடுத்து வைத்த நூல் துணிக்குள் காணாமல் போகும். பச்சை என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். "எந்தப் பச்சை? வாழைக்குருத்தா, பாசியா, பாட்டிலா?" என்று கேட்பாள். சிவப்பே தெரியாதவருக்கு இப்படி ஒருத்தி வாய்த்ததை நினைத்து அவர் தனியாகச் சிரித்ததுண்டு.

அவளுக்கு விஷயம் தெரிந்தது காட்டில். ஊருக்கு வெளியே நீரேற்று நிலையத்துக்குப் பின்னால் மரங்கள் அடர்ந்து ஒரு காடு இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்பு அங்கே குழாய் பதிக்கப் போனபோது, பம்ப் ஓட்டுகிறவர் ஒரு புதரைக் காட்டிப் பழக்கிவிட்டிருந்தார். கொத்துக் கொத்தாக, விரித்த குடை போலத் தொங்கும் சின்னஞ்சிறு பழம். அதற்கு வேறு பெயர் இருக்கும். இவர்களுக்குக் குடைப்பழம். பச்சையாகப் பிறந்து, சிவந்து, பிறகு கறுக்கும். கறுத்ததைக் கொதிக்கவிட்டு, விதையை வடிகட்டி எறிந்துவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். கல்யாணமான புதிதில் அவளைக் கூட்டிப்போனார். ஒரு பை நிறையப் பறித்து, பெருமையாக நீட்டினார்.

அவள் பைக்குள் பார்த்தாள். "என்னங்க, பாதிக்குப் பாதி செங்காயா இருக்கு?"

"எது?"

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அவர் முகத்தையும் பழத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பையைக் கவிழ்த்து, நல்லதை மட்டும் பொறுக்கி உள்ளே போட்டாள்.

"சரி. இனிமே நீங்க கிளையை வளைங்க, நான் சொல்றேன்."

அன்று ஆரம்பித்த ஏற்பாடு. கை அவருடையது, கண் அவளுடையது. அவர் கைநீளக்காரர், கிளையை எட்டி வளைத்துப் பிடிப்பார். அவள் கீழே நின்று சொல்லிக்கொண்டே இருப்பாள். "அது எடுங்க. பக்கத்துல இருக்கறது வேணாம். மேல, இன்னும் மேல, ம், அதுல கீழ்ப்பாதியை விட்டுடுங்க." பார்ப்பவர்களுக்குப் பெண்டாட்டி புருஷனை விரட்டி வேலை வாங்குவது போல இருக்கும். அவர்களுக்கு அது பேச்சு. வாரம் முழுக்க வீட்டில் பேசாததையும் சேர்த்து அங்கே பேசிவிடுவார்கள்.

சாப்பிடுகிற விஷயத்தில் அவளிடம் தயவு தாட்சண்யம் கிடையாது. காம்பு ஒன்றுகூடச் சட்டிக்குள் போகக்கூடாது. தெரியாத பழத்தைத் தொடக்கூடாது. ரோட்டோரப் புதரில் பறிக்கக்கூடாது. சந்தேகம் என்று வந்துவிட்டால் கூடையோடு கொட்டிவிட வேண்டும். எது செய்தாலும் முதலில் இவர்கள் இரண்டு பேரும் சாப்பிட்டு, ஒரு ராத்திரி தாண்டிய பிறகுதான் அடுத்தவருக்கு.

மாடிவீட்டுக்காரர் ஒருமுறை, "குருவி கொத்தித் தின்னுதே, அப்புறம் என்ன பயம்?" என்று கொதிக்கவிடாமலே ஒரு பிடி அள்ளி வாயில் போட்டார்.

"குருவி வயிறும் உங்க வயிறும் ஒண்ணாண்ணே?" என்றாள் இவள்.

மறுநாள் அவர் குழாய்க்காரரை அவசரமாகக் கூப்பிட்டு அனுப்பினார். கழிவறையில் தண்ணீர் வரவில்லை. தொட்டி நிரம்ப அவகாசமே கொடுக்காமல் சங்கிலியை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார், பாவம்.

இப்படி ஒரு குறையும் இல்லாமல் போய்க்கொண்டிருந்த ஏற்பாட்டில், மகள் உண்டாகியிருந்த அந்த வருஷம்தான் பிசகு வந்தது.

மகளுக்கு எதுவும் வயிற்றில் நிற்கவில்லை. பாலைப் பார்த்தால் குமட்டல், சோற்றைப் பார்த்தால் குமட்டல். அம்மா செய்யும் குடைப்பழ ஜாமை ரொட்டியில் தடவித் தின்றால் மட்டும் உள்ளே தங்கியது. சின்ன வயதிலிருந்து தின்று பழகிய புளிப்பு. போன வருஷத்துப் பாட்டில்கள் தீர்ந்துவிட்டன. "அம்மா, இன்னும் கொஞ்சம் செஞ்சு குடும்மா, வேற எதுவும் இறங்கமாட்டேங்குது" என்று போனில் அழுதாள். ஞாயிற்றுக்கிழமை தானே வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள்.

மாப்பிள்ளைக்கு அதில் இஷ்டமில்லை. பாட்டிலில் முத்திரையும் தேதியும் இல்லாத எதையும் அவர் வாயில் வைக்கமாட்டார். பாலைக் காய்ச்சுவதற்கு முன் ஒருமுறையும் காய்ச்சிய பின் ஒருமுறையும் முகர்ந்து பார்ப்பவர். ஆனால் பெண்டாட்டி எலும்பாய்க் கிடப்பதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் கடையை விட்டு வந்ததும் இருவரும் காட்டுக்குப் போனார்கள். மழைமூட்டம். பருவம் முடிகிற நேரம். பாதையோரப் புதர்களைப் பறவைகள் காலி செய்திருந்தன. உள்ளே, ஓடைப் பக்கம் தள்ளி, கொடிகள் பின்னிக் கிடந்த ஒரு புதரில் பழம் தொங்கியது. அவர் கிளையை வளைத்தார்.

"எடுங்க" என்றாள்.

எடுத்தார்.

"எடுங்க. அதுவும் எடுங்க."

இரண்டொரு கொத்து கையோடு வர மறுத்தன. பழுத்தது தானாகக் கழன்று வரும், பழுக்காதது கிளையைப் பிடித்துக்கொள்ளும். இது விரலுக்குத் தெரியும். விரல் ஏதோ சொன்னது. அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். கழுத்தை முன்னால் நீட்டி, கண்ணைச் சுருக்கி நின்றிருந்தாள்.

"இதுவா?"

"ம். எடுங்க."

விரலா, அவளா? அவர் யோசிக்கவே இல்லை. இழுத்துப் பறித்தார். கூடை சீக்கிரமே நிறைந்தது. வீட்டுக்கு வந்து கூடையை இறக்கும்போதுதான், அன்று முழுக்க அவள் ஒரு தடவைகூட 'வேணாம்' என்று சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்தது. நல்ல புதர் போல என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் சமையலறை மேஜையில் வேலை தொடங்கியது. முள்கரண்டியால் கொத்தை வாரி, பழத்தை அகலப் பாத்திரத்தில் உதிர்ப்பது அவர் பங்கு. கழுவி, அரித்து, அடுப்பில் ஏற்றுவது அவள் பங்கு. முதல் பாதி சட்டியில் ஏறிக் கொதிக்க ஆரம்பித்தது. ஜன்னல் கண்ணாடி ஆவியில் மங்கியது.

அவள் கடைக்கதை சொன்னாள். ஒரு தையல்காரர் வாங்கிப்போன நூலைத் திருப்பிக் கொண்டுவந்து, நிறம் சேரவில்லை என்று சண்டை போட்டாராம். "துணியை வெயில்ல காட்டிப் பாக்காம வந்து நிக்கறான். முதலாளி வேற அவன் பக்கம் பேசறாரு. கண்ணு தெரியாதவனெல்லாம் தையல்காரன்."

அவர் ம் கொட்டிக்கொண்டே உதிர்த்தார். கண்ணை மூடியிருந்தார், பழக்கம். உருண்டை, உருண்டை, உருண்டை, விரலுக்கடியில் மணி மணியாக ஓடியது. திடீரென்று ஒன்று நீளமாக உருண்டது.

கண்ணைத் திறந்தார். பார்வைக்கு மற்றதைப் போலவே இருட்டாக இருந்தது. அழுத்தினார். தோல் மெல்லிசு, உள்ளே தட்டையான விதைகள், சாறு தண்ணீராக வழிந்தது. பாத்திரத்துக்குள் கையை விட்டுத் துழாவினார். இன்னொன்று அகப்பட்டது. அப்புறம் இன்னும் ரெண்டு. கொடி. அந்தப் புதரைப் பின்னிக் கிடந்த கொடியின் பழம். முன்பெல்லாம் கொடி ஏறிய புதரைப் பார்த்தாலே, "அய்யோ, ரத்தச் சிவப்புல தொங்குது, அது பக்கமே போகாதீங்க" என்று அவர் சட்டையைப் பிடித்து இழுப்பவள் அவள்.

நசுங்காமல் இருந்த ஒரு கொடிப்பழத்தை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"இது என்னன்னு பாரு."

வாங்கினாள். ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள். கண்ணுக்குக் கிட்டே, இன்னும் கிட்டே, பிறகு எட்டத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"பழம்தான். கொஞ்சம் கனிஞ்சிருக்கு. ஏன்?"

நூலைத் திருப்பிக் கொண்டுவந்த தையல்காரர், மூட்டமான சாயங்காலம், ஒரு வேணாம்கூடச் சொல்லாத வாய் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அவள் அதற்குள் திரும்பி, சட்டியிலிருந்து கரண்டியில் கொஞ்சம் எடுத்து ஊதினாள்.

எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. கரண்டியைப் பிடுங்கித் தொட்டியில் போட்டார். அடுப்பை அணைத்தார். சட்டியை இரண்டு துணியால் பிடித்து, பின்வாசலில் இருந்த சிமென்ட் குழைக்கிற வாளியில் கவிழ்த்தார். ஆவி முகத்தில் அடித்தது.

அவள் சமையலறை வாசலிலேயே நின்றாள். "அடி பிடிச்சிடுச்சா?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் ஆமாம் என்று சொல்லியிருப்பார்.

"எத்தனை நாளா?" என்றார்.

"என்ன எத்தனை நாளா?"

"கண்ணு."

அவள் கையைத் துடைத்தாள். துடைத்த கையை மறுபடியும் துடைத்தாள்.

"கொஞ்ச நாளா அழுக்குக் கண்ணாடி வழியா பாக்கற மாதிரி இருக்கு. கடையில நிறத்தைக் கண்ணால பாத்துச் சொல்லல. எந்த நூல் எந்தத் தட்டுலன்னு கைக்கு மனப்பாடம், அதுல ஓட்டிட்டேன். எங்க அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. கடைசில சுவத்தைத் தடவிக்கிட்டு நடந்தாங்க." குரல் இறங்கியது. "முதலாளிக்குத் தெரிஞ்சா நாளைக்கே வேற ஆளைப் போட்டுடுவாரு. உங்ககிட்ட சொன்னா..."

"என்கிட்ட சொன்னா?"

"நீங்க காட்டுக்குப் போறதை விட்டுடுவீங்க."

"எனக்கு விரல்ல தெரிஞ்சுது. நேத்தே தெரிஞ்சுது. கிளையை விட்டு வரல."

"அப்போ ஏன் பறிச்சீங்க?"

"நீ எடுங்கன்னு சொன்னியே."

அவள் அவரைப் பார்த்தாள். திட்டப்போகிறாளா அழப்போகிறாளா என்று அவருக்குப் புரியவில்லை. அதற்குள் வாசலில் ஸ்கூட்டர் நின்றது.

மகள் உள்ளே வந்ததும் மேஜையைத்தான் பார்த்தாள். "எங்கம்மா ஜாம்? மூணு நாளா இதை நெனச்சுத்தான் உயிரோட இருக்கேன்."

"கொட்டிட்டோம்" என்றார் அப்பா. "வேற பழம் கலந்துடுச்சு. கெட்ட பழம்."

மாப்பிள்ளை செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். நான் அப்பவே சொன்னேன் என்று அவர் சொல்லுவார் என்று குழாய்க்காரர் காத்திருந்தார். அவர் சொல்லவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் ஏதாவது சாப்பிட்டீங்களா, மாமா?"

"நான் இல்ல. அவளும் சாப்பிடல. கரண்டியைப் பிடுங்கிட்டேன்."

"அத்தை?"

அவள் தலையைக் குனிந்தாள். "உப்பு புளி பாக்கற மாதிரி... கொதிக்க ஆரம்பிச்சப்ப நுனி நாக்குல ஒரு தடவை வெச்சேன். இவர் உதுத்துக்கிட்டு இருந்தாரு. ஒரு கால் கரண்டி இருக்கும்."

"கொதிச்சாச்சே, அதுல ஒண்ணும் இருக்காது" என்றார் குழாய்க்காரர், தன்னையே தேற்றிக்கொள்கிறவரைப் போல.

"எல்லா விஷமும் கொதிச்சாப் போயிடாது மாமா." மாப்பிள்ளை அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. ஒரு டப்பாவை எடுத்து, பாத்திரத்தில் மிச்சமிருந்த பழத்தில் ஒரு பிடி, காம்போடு இரண்டு கொத்து, வாளியிலிருந்து ஒரு கரண்டி என்று தனித்தனியாகக் கட்டி வைத்தார். "எதைச் சாப்பிட்டாங்கன்னு காட்டணும். கிளம்புங்க."

ஆஸ்பத்திரி பக்கத்துத் தெருவில்தான். அவளைத் திரை மறைவில் ஒரு கட்டிலில் படுக்கவைத்து நாடி பார்த்தார்கள், நாக்கைப் பார்த்தார்கள். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். குழாய்க்காரர் அவள் கால்மாட்டில் நின்றார். இவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற நினைப்புக்கு மேல் அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. கட்டிலுக்கு மேலே போன குழாயில் ஒரு இணைப்பு கசிந்துகொண்டிருந்தது. அதைக்கூட அவர் பார்க்கவில்லை.

பெண் டாக்டர் ஒருத்தி வந்தாள். மகள் வயதுதான் இருக்கும். மாப்பிள்ளை வெளியே சீட்டு போடும் வரிசையில் நின்றிருந்தார், டப்பா அவரிடம்.

"என்ன பழம்மா சாப்பிட்டீங்க?"

"காட்டுப் பழம். குடைப்பழத்தோட ஏதோ கொடிப்பழம் கலந்திடுச்சு."

"அந்தக் கொடிப்பழம் என்ன கலர்?"

அவள் கணவனைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார்.

"சொல்லுங்கம்மா. கறுப்பா, சிவப்பா? அதை வெச்சுத்தான் மருந்து யோசிக்கணும்."

மகள் இருவரையும் பார்த்தாள். "அம்மா? நீதான பறிச்ச? அப்பா, நீங்களாவது சொல்லுங்களேன்."

"எனக்குத் தெரியல டாக்டர்" என்றாள் அவள். "கொஞ்ச நாளாவே எனக்குக் கலர் சரியாத் தெரியல. கண்ணு மங்கிப்போச்சு."

டாக்டர் அவர் பக்கம் திரும்பினாள்.

குழாய்க்காரர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மகள் முன்னால் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை. "எனக்குச் சிவப்பே தெரியாதுங்க. பொறந்ததுலேருந்தே. இவ சொல்றதைத்தான் நான் பறிப்பேன்."

டாக்டர் பேனாவை எழுதாமல் பிடித்திருந்தாள். "அப்போ ரெண்டு பேருமா சேர்ந்து..." என்று ஆரம்பித்து, சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த நேரம் மாப்பிள்ளை டப்பாவோடு உள்ளே வந்தார். மூடியைத் திறந்ததும் டாக்டரின் முகம் நேரானது. ஒன்றை எடுத்துப் பிதுக்கினாள். "சிவப்பு. கொடியில வர்றதுதான். நல்ல வேளை, மொத்தமா சாப்பிடல. கால் கரண்டின்னா பயமில்ல. ஆனா சாயங்காலம் வரைக்கும் இங்கயே இருக்கணும்." போகிற போக்கில் நின்று, சட்டைப் பையிலிருந்த டார்ச்சை எடுத்து அவள் கண்ணில் அடித்துப் பார்த்தாள். "இது புரைம்மா. கண் டாக்டர்கிட்ட ஒருதரம் காட்டிடுங்க. லென்ஸ் மாத்தினா அனேகமா சரியாயிடும்."

"எங்கம்மாவுக்கு மாத்தல."

"உங்களுக்கு மாத்திக்கலாம்."

டாக்டர் போன பிறகு அவள் அழுதாள். சத்தமில்லாமல், வெகுநேரம். மாப்பிள்ளை வெளியே போய் எல்லோருக்கும் டீ வாங்கிவந்தார். குடிப்பதற்கு முன் ஒருமுறை முகர்ந்து பார்த்தார்.

சாயங்காலம் வரை ஒன்றும் ஆகவில்லை. வயிறு லேசாகப் புரண்டது, அவ்வளவுதான். மகளுக்குப் பயம் தெளியத் தெளியக் கோபம் ஏறியது.

"அப்போ இத்தனை வருஷமா எனக்கு ஊட்டின ஜாமெல்லாம்?"

"அப்போ அம்மா கண்ணு நல்லாத்தான் இருந்துது."

"நீங்க ஏம்ப்பா என்கிட்ட சொல்லல?"

"சொல்ல என்ன இருக்கு? ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு ஜோடிக் கண்ணு இருந்துது. போதுமா இருந்துது."

மகள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து யோசித்தாள். பிறகு, விசாரணை மாதிரி, "என் கல்யாணத்தன்னிக்கு நான் கட்டியிருந்த புடவை என்ன கலருன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"தெரியுமே. சிவப்பு."

"எப்படித் தெரியும்?"

"அம்மா சொன்னா."

கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தவள் தலையை மட்டும் அசைத்தாள். "சிவப்புன்னா சொன்னேன்? மாதுளை முத்துன்னு சொன்னேன். இவருக்கு எல்லாம் ஒண்ணுதான்." சற்று நேரம் கழித்து, "நாளைக்கு மொதல்ல கடைக்குப் போய் முதலாளிகிட்ட நானே சொல்லிடணும். அந்தத் தையல்காரன் மேல தப்பில்ல" என்றாள்.

"நானும் வரேன்" என்றார் குழாய்க்காரர்.

"நீங்க எதுக்கு?"

அவர் யோசித்தார். "சும்மாத்தான்" என்றார்.